பயிற்சியாளருக்கு ஓராண்டுத் தடை: நியாயமா, அநியாயமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனை 2012-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஒதுக்கிவைத்தார்கள். களத்தில் இறங்கி எதிரணியினரை வீழ்த்திய வீரர்களின் தடையோ அதே ஆண்டில் ரத்தானது. அடித்தவர் தப்பிக்க, அருகில் நின்றவர் தண்டனை பெறுவது எந்த ஊர் நியாயம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: 'அருகில் நின்றவர்' என்று நீங்கள் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தில் மோதி வீழ்த்துவது விதிக்கு உட்பட்டதே; காயப்படுத்துவதற்கென்று காசு கொடுப்பதுதான் குற்றம். 2009 முதல் 2011 வரை மூன்று பருவங்களில், செயின்ட்ஸ் அணியின் தற்காப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த கிரெக் வில்லியம்ஸின் மேற்பார்வையில் அப்படியொரு பொது நிதி இயங்கியது என்றும், எதிரணி வீரர் ஆட்டத்தைத் தொடர முடியாமல் விழுந்தால் 1,500 டாலர், களத்திலிருந்து வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டால் 1,000 டாலர் என்று விலை வைத்திருந்தார்கள் என்றும், 22 முதல் 27 வீரர்கள் வரை இதில் பங்குகொண்டார்கள் என்றும் அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக் 2012 மார்ச் மாதம் அறிவித்தது.

லட்சக்கணக்கான டாலர் ஊதியம் வாங்குபவர்களுக்கு அந்த ஆயிரம் டாலர் வெற்றிலை பாக்குச் செலவுக்குச் சமம். அந்தத் தொகைக்காக ஒருவர் எதிராளியின் முழங்காலைக் குறிவைக்கிறார் என்பதைவிட, தம்மை அணியில் வைத்திருக்கவும் வெளியே அனுப்பவும் அதிகாரம் உள்ளவர் அதை விரும்புகிறார் என்பதால் குறிவைக்கிறார் என்பதே நம்பத்தக்கது. 2012 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ அணியுடனான ஆட்டத்துக்கு முன்பு வில்லியம்ஸ் தம் வீரர்களிடம் பேசிய ஒலிப்பதிவு பின்னர் வெளியானது. எதிரணியில் யாருடைய தலையைத் தாக்கவேண்டும், யாருடைய முழங்காலைக் கவனிக்கவேண்டும் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அதில் அவர் அறிவுறுத்துகிறார். அந்த அறையில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்து மறுத்துப் பேசியிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எளிது. அவருக்கு மறுவாரம் வேலை இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பேட்டன் இதில் நேரடியாகக் கைநனைக்கவில்லை என்பது உண்மை. ஆனால், அவருக்குத் தெரிந்திருந்தும் தடுக்கவில்லை என்றும், விசாரணை வந்தபோது உதவிப் பயிற்சியாளர்கள் ஒன்றுபோல மறுக்கும்படி பார்த்துக்கொண்டார் என்றும் லீக் குற்றம்சாட்டியது. அணியின் உரிமையாளர் டாம் பென்சன் இதை நிறுத்தச் சொல்லியும் பொது மேலாளர் மிக்கி லூமிஸ் நிறுத்தவில்லை. அவருக்கு 8 ஆட்டத் தடை. உதவித் தலைமைப் பயிற்சியாளர் ஜோ விட்டுக்கு 6 ஆட்டங்கள், வில்லியம்ஸுக்குக் காலவரையற்ற தடை, அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதத்தோடு புதுமுக வீரர் தேர்வில் இரண்டு வாய்ப்புகளும் பறிபோயின.

வீரர்களின் தடை ரத்தானதையும் சரியாகப் பார்க்கவேண்டும். லீகின் முன்னாள் ஆணையர் பால் டாக்லியாபு 2012 டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்தபோது, தடை பெற்ற வீரர்கள் நால்வரில் மூவர் தவறு செய்தார்கள் என்றே சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு, பயிற்சியாளர்களும் நிர்வாகமும் விவகாரம் முழுவதையும் மாசுபடுத்திவிட்டார்கள் என்பதால் நால்வருக்கும் தண்டனை வேண்டாம் என்று முடித்தார். ஆகவே, வீரர்களை விடுவித்த அந்தத் தீர்ப்பு பேட்டனுக்குச் சாதகமானதல்ல. பொறுப்பு யார் தலையில் விழவேண்டும் என்பதை அது மேலும் அழுத்தமாகவே சொன்னது.

எனக்குக் குறை இரண்டு இடங்களில் உண்டு. ஆணையர் ராஜர் குடெல்லே விசாரணைக்குத் தலைவர், தண்டனை விதித்தவர், பயிற்சியாளர்களின் மேல்முறையீட்டைக் கேட்டு 2012 ஏப்ரலில் தள்ளுபடி செய்தவரும் அவரே. வீரர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது. அது கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்று போராடியதால்தான் வழக்கு வேறொருவர் கைக்குப் போனது. பயிற்சியாளர்களுக்கோ கூட்டுப்பேரம் பேசும் சங்கம் எதுவும் இல்லை. இரண்டாவது, தண்டனைகளுக்குள் இருந்த விகிதம். திட்டத்தை முன்னின்று நடத்திய வில்லியம்ஸ் 2013 பிப்ரவரியில் திரும்பிவிட்டார். பேட்டன் திரும்பியது அதே ஆண்டு ஜனவரியில். நடத்தியவரும் கண்டுகொள்ளாமல் விட்டவரும் ஏறத்தாழ ஒரே காலம் வெளியே இருந்தார்கள் என்றால், பேட்டனுக்கு அதிகம் என்பதைவிட வில்லியம்ஸுக்குக் குறைவு என்றே சொல்வேன். முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் மூளைக்காய வழக்குத் தொடுத்திருந்த நேரம் அது. லீக் தன் கண்டிப்பை ஊரறியக் காட்ட விரும்பியது என்பதில் ஐயமில்லை, ஆனால் அந்தக் காரணத்தால் மட்டும் தண்டனை தவறாகிவிடாது.

கேள்வி: அப்படியானால் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பில் பெலிச்சிக் ஒரே ஓர் ஆட்டத்துக்குக்கூடத் தடை பெறவில்லையே, ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நியூயார்க் ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் சைகைகளை அவருடைய அணி 2007 செப்டம்பரில் களத்தின் ஓரத்திலிருந்து படம்பிடித்துச் சிக்கியது. உடலைச் சிதைக்கச் சொல்வதும் உளவு பார்ப்பதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்பதால் ஓராண்டுத் தடையை எதிர்பார்க்க முடியாது. ஆனால், இப்படிப் படம்பிடிக்கக் கூடாது என்று லீக் அதற்கு முந்தைய ஆண்டே எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. தெரிந்தே மீறியவருக்குக் கிடைத்தது 5 லட்சம் டாலர் அபராதம். அணிக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதமும், 2008 தேர்வில் முதல் சுற்று வாய்ப்பின் இழப்பும் கிடைத்தன.

தடையைவிட இவையே வலுவானவை என்று குடெல் விளக்கினார். அணிக்கு அந்த ஆண்டு வேறோர் அணியிடமிருந்து ஏற்கெனவே பெற்ற முதல் சுற்று வாய்ப்பு கைவசம் இருந்தது; அதைக் கொண்டு ஜெராட் மேயோவை எடுத்துக்கொண்டார்கள். பெலிச்சிக்கோ அந்தப் பருவத்தின் 16 லீக் ஆட்டங்களிலும் அணியைத் தோல்வியின்றி வழிநடத்தினார். நான்கைந்து ஆட்டங்கள் வீட்டில் இருக்க வைத்திருந்தால் தண்டனை அவரையே தொட்டிருக்கும். கைப்பற்றிய ஒளிப்பதிவு நாடாக்களை லீக் அழித்துவிட்டதால், குற்றத்தின் அளவை வெளியார் எடைபோடவும் வழியில்லாமல் போயிற்று.

கேள்வி: நாம் பார்க்கும் கால்பந்தில் இந்தக் குழப்பம் இல்லையா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: ஏராளம். பயிற்சியாளர் அந்தோனியோ கோன்டே இத்தாலியின் சியெனா அணியில் இருந்தபோது நடந்த ஆட்ட முறைகேட்டைத் தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்று இத்தாலிய விளையாட்டு நீதி அமைப்பு 2012-இல் அவருக்கு 10 மாதத் தடை விதித்தது. பிறகு அதை 4 மாதமாகக் குறைத்தது. அந்தக் காலத்தில் அவர் அப்போதைய தம் அணியான யுவென்டஸின் வீரர்களுக்கு வாரம் முழுவதும் பயிற்சி தரலாம், ஆட்டத்தன்று மட்டும் அணியின் இருக்கையில் அமரக் கூடாது. பேட்டன் அணியோடு தொடர்பே கொள்ளக் கூடாது என்ற கட்டளையில், டெக்சாஸில் தம் மகனின் பள்ளி அணிக்குப் பயிற்சி தந்து நாள்களைக் கழித்ததோடு ஒப்பிட்டால், இதைத் தடை என்று அழைக்கவே தயக்கமாக இருக்கிறது. யுவென்டஸ் அந்தப் பருவத்தில் பட்டமும் வென்றது.

ஆனால், குற்றச்சாட்டு நிலைக்கிறதா என்பது வேறு கேள்வி. விளையாட்டு நீதி அமைப்புக்குக் குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவுக்குச் சான்று தேவையில்லை. சில மாதங்களில் முடித்துவிடும். கிரெமோனா நகர நீதிமன்றம் 2016 மே மாதம் கோன்டேயை விடுவித்தபோது, அந்தத் தடையை அவர் அனுபவித்து முடித்து மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன, அவர் இத்தாலியத் தேசிய அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார்.