அலைச்சறுக்குக்கு எந்த நீர்புகாக் கைக்கடிகாரம் வாங்கலாம்?

50 மீட்டர் என்று பொறித்த கைக்கடிகாரம் அறுகம் குடா அலைகளைத் தாங்குமா, நுவரெலியாவிலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்குவதால் அதற்குள் அழுத்தச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மலையகத்தில் வசித்துக்கொண்டு, பருவம் தொடங்கியதும் வெல்லவாய, மொணராகலை வழியாக அறுகம் குடாவை அடுத்த பொத்துவிலுக்கு இறங்குகிறவன்தான்.

என் பதில், குறைந்தது 100 மீட்டர். பணம் இடங்கொடுத்தால் 200. கையை வீசினாலே அழுத்தம் பன்மடங்காகிவிடும் என்று பலர் சொல்வது மிகை. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கை நீரைக் கிழித்துச் சென்றாலும், அதனால் கூடும் அழுத்தம் ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்துக்குரியதுதான். ஆனால் கடிகாரத்தில் பொறித்த மீட்டர் எண், அது புதிதாக இருக்கும்போது அசையாத நீரில் செய்யும் சோதனையைக் குறிப்பது. பலகையிலிருந்து விழும்போது பொத்தான்களில் படும் அடியும், உப்பும் வியர்வையும் சவர்க்காரமும் பட்டு நாளடைவில் இறுகிப்போகும், நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமும் அந்தச் சோதனையில் இல்லை. கூடுதல் மீட்டர்களுக்கு நாம் பணம் கொடுப்பது இவற்றை ஈடுகட்டத்தான். 200 மீட்டர் தாங்கும் கசியோ ஜி-ஷொக் வகைகள் இதற்குத் தாராளமாகப் போதும்.

இறக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே மூடிய கடிகாரத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால், வெளியே கூடும் அழுத்தம் சுமார் 2 மீட்டர் நீருக்குச் சமம், அவ்வளவுதான்.

நம்மவர்களைக் குழப்புவது வேறொன்று. கடலோர ஊரில் பின்மூடியைத் திறந்து பற்றரி மாற்றினால், அங்குள்ள ஈரக்காற்றும் உள்ளே அடைபட்டுவிடும். நுவரெலியாவின் இரவுக் குளிரில் அந்த ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் பனிமூட்டமாகப் படியும். அது கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடலில் இறங்கிய பிறகு புதிதாகப் படிந்து, வெயிலில் வைத்தும் கலையாமல் நின்றால் மட்டும் கசிவு என்று ஐயப்படுங்கள். ஆகவே பற்றரியை மலையிலேயே மாற்றுவது நல்லது. அப்போதே ரப்பர் வளையத்தையும் மாற்றி, அழுத்தச் சோதனை செய்து தரும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.

தோல் வார் உப்புநீரில் ஊறி நாறும் என்பதால் அதை ஒதுக்கிவிடுங்கள். கடிகாரத்தின் இரு பக்க ஊசிகளுக்கும் ஊடாகச் செல்லும் ஒரே துண்டான நைலோன் வாரில், ஓர் ஊசி கழன்றாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். அலை கடிகாரத்தைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போவதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். திருகி மூடும் குமிழ் இருந்தால் கரையிலேயே இறுக்கிவிட்டு இறங்குங்கள். நீருக்குள் பொத்தான்களை அழுத்தாதீர்கள். கரையேறியதும் நன்னீரில் அலசுங்கள். நம் ஊர்க் குளிரில் எல்லோருக்கும் பழக்கமான சுடுநீர்க் குளியலுக்கு முன் கழற்றிவிடுங்கள்.

கடல் ஏற்றவற்றத்தை வரைந்து காட்டும் வசதிக்காக அதிக விலை கேட்பார்கள். இலங்கைக் கரையில் அந்த ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. அந்தப் பணத்தை நல்ல வாருக்குச் செலவிடலாம்.