தண்டவாளம் நம் மலையில், எஞ்சின் யாருடையது?

கேள்வி: பிரிட்டனும் அமெரிக்காவும் சந்தையைத் திறந்துவிட்டதால்தான் உலகின் முதல் பொருளாதாரமாக உயர்ந்தன என்று கோவையில் கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். நம்மைப் போன்ற நாடுகளைச் சுரண்டித்தான் உயர்ந்தன என்கிறேன் நான். விடுமுறைக்கு அவன் வீட்டுக்கு வந்தால் இதே சண்டைதான். யார் சொல்வது சரி?
சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: உங்கள் மகன் கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படித்திருக்கிறார். நீங்கள் நடு அத்தியாயத்தைச் சரியாகப் படித்துவிட்டு, அதையே முழுக்கதை என்கிறீர்கள்.

மகனுக்கு முதலில். இங்கிலாந்து பருத்தித் துணியில் உலகை வென்றது உண்மை. ஆனால் அதற்கு முன்பு நம் அச்சுத் துணிகள் உள்ளே வரக்கூடாது என்று 1700-இல் ஒரு சட்டமும், அத்தகைய துணிகளை உடுத்தவே கூடாது என்று 1721-இல் இன்னொரு சட்டமும் போட்டார்கள். ஹார்கிரீவ்ஸின் நூற்பு இயந்திரமும் ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரமும் அந்த வேலிக்குள்தான் பிறந்தன. பிறந்த பிறகும் அவற்றைப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இருந்த தடை 1843-இல்தான் நீங்கியது. இறக்குமதித் தானியத்தின் மீதான வரிச்சட்டத்தை 1846-இல்தான் கைவிட்டார்கள். அந்த நேரத்தில் ஆலைத்தொழிலில் அவர்களுக்கு நிகரான நாடு எதுவும் இல்லை. சந்தையைத் திறந்ததால் முதலிடம் வந்ததா, முதலிடம் வந்ததால் சந்தையைத் திறந்தார்களா என்று மகனிடம் கேளுங்கள்.

அமெரிக்காவின் கதையும் இதுதான். சாமுவேல் ஸ்லேட்டர் என்ற 21 வயது ஆங்கிலேயர், நூற்பாலை இயந்திரங்களின் அமைப்பை மனத்தில் ஏற்றிக்கொண்டு 1789-இல் ரகசியமாகக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அவர் கைப்படச் செய்த நூற்பு இயந்திரங்கள் ஓடின. அந்த நாடு பிரிட்டனைத் தாண்டி உலகின் முதல் தொழில் நாடான 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் அதன் இறக்குமதி வரிச் சுவர் மிக உயரமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, எட்டிப்பிடிக்க ஆளில்லாத உயரத்தில் நின்றுகொண்டுதான் அது திறந்த சந்தையை உலகத்துக்குப் போதித்தது.

இனி உங்களுக்கு. சுரண்டல் நடந்தது, அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. 1896-இல் நம் ஆலைகள் நெய்த துணிக்கு, நம் மண்ணிலேயே, இங்கிலாந்தின் துணி ஆலைப் பகுதியான லங்காஷயரின் நலனுக்காக 3.5 விழுக்காடு உற்பத்தி வரி விதித்தவர்களை மன்னிக்க என்னால் முடியாது. ஆனால் சுரண்டினாலே ஒரு நாடு உயர்ந்துவிடும் என்றால் ஸ்பெயின் அல்லவா உயர்ந்திருக்க வேண்டும்? தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையைக் குடைந்து கப்பல் கப்பலாக வெள்ளியை அள்ளிப்போன நாடு அது. அந்த வெள்ளி அடுத்தவன் பட்டறைப் பொருள்களை வாங்கியே கரைந்தது.

இதற்கு மேல் புரிய நீங்கள் ஒருமுறை குன்னூர் ரயில் நிலையத்துக்கு இறங்கிப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் பாதையில், கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதில் ஒவ்வொரு பல்லாகக் கவ்வி, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மலையேறும். ஏறத்தாழப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். அந்த முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். 1914 முதல் 1950-கள் வரை நமக்கு வந்த 'எக்ஸ்' ரக நீராவி எஞ்சின்களும் அந்த நாட்டின் வின்டர்தூர் நகரில் செய்தவை. சுவிட்சர்லாந்துக்குக் கடல் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது, ஒரு காலனியும் கிடையாது. நம்மைப்போல் மலையும் மாடும்தான். அந்நிய இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்துப் படியெடுத்தார்கள். 1888 வரை அவர்களுக்கு நாடு தழுவிய காப்புரிமைச் சட்டம்கூட இல்லை. 1855-இல் சூரிச்சில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியைத் திறந்தார்கள். மலைநாட்டுக்காரர்கள் செய்த எஞ்சின் நம் மலையில் ஏறியது அப்படித்தான்.

ஜப்பானைப் பாருங்கள். நமக்கு முதல் ரயில் 1853-இல் பம்பாயில் ஓடியது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தளபதி பெர்ரி கால்பங்கு அளவில் ஒரு நீராவி ரயிலை ஜப்பானுக்குப் பரிசாகக் கொண்டுபோனார். உள்ளே உட்கார இடமில்லாமல் அதிகாரி ஒருவர் பெட்டியின் கூரைமேல் ஏறி, அங்கி காற்றில் படபடக்கச் சுற்றிவந்தார். அவர்களுடைய முதல் ரயில் 1872-இல், நமக்கு 19 ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் எஞ்சின்களோடு வந்தது. 1893-இல் கோபே பணிமனையில் சொந்தமாக ஒன்றைச் செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் வெளிநாட்டு எஞ்சின்களை நம்பியிருக்கும் தேவை அவர்களுக்குப் பெரும்பாலும் தீர்ந்தது.

நம்மால் முடியாதா? 1895-இல், கோபேக்கு இரண்டே ஆண்டு கழித்து, அஜ்மீர் பணிமனையில் நம் தொழிலாளர்கள் ஒரு எஞ்சினை முழுதாகச் செய்து நிறுத்தினார்கள். ஆனாலும் ஆர்டர்கள் பிரிட்டனின் ஆலைகளுக்கே தொடர்ந்து போயின. நாம் எஞ்சின் ஆலையாக மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சனைக் கண்டது 1950-இல். பருத்தியும் பணமும் போனதைவிட எனக்கு நெஞ்சு பொறுக்காத இழப்பு இதுதான். ஜப்பானியர் எஞ்சின் செய்யக் கற்ற அந்த அரை நூற்றாண்டில் நம் தொழிலாளியைப் பெரும்பாலும் பழுதுபார்க்கவே விட்டார்கள். சுரண்டல் என்று நீங்கள் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மகன் கேட்பார்.

ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததற்கு வெள்ளைக்காரனைக் குறை சொல்ல முடியாது. ஊட்டி இந்து நகரின் ஃபிலிம் தொழிற்சாலை 1967-இல் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயர் போட்ட ஃபிலிம் பெட்டி அக்காலத்தில் ஸ்டுடியோதோறும் இருந்தது. அரசின் பாதுகாப்பும் இருந்தது. ஆயினும் உலகம் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கும், பிறகு ஃபிலிமே வேண்டாத காலத்துக்கும் போனபோது, வாங்கி வந்த தொழில்நுட்பத்தால் கூடவே ஓட முடியவில்லை. 1934-இல் தொடங்கிய ஜப்பானின் ஃபூஜி 1948-இலேயே வண்ண ஃபிலிம் கொண்டுவந்தது. ஃபிலிம் மறைந்தபோது அந்த வேதியியலை மருத்துவத்துறைக்குத் திருப்பியது. வேலி இரண்டு நாட்டிலும் இருந்தது. வேலிக்குள் இருப்பவனிடம் கணக்குக் கேட்க நாம் தவறினோம். தென்கொரியா கேட்டது: இத்தனை ஏற்றுமதி செய்தால்தான் அடுத்த கடன் என்றது. 1973-இல் போஹாங்கில் உருக்காலையைத் திறந்தது. கார், கப்பல் என்று மேலே போனது. 1978-க்குப் பின் சீனா, ஆலை போட வந்த அந்நியனிடம் வேலையோடு வித்தையையும் வாங்கிக்கொண்டு, 2010-ஐ ஒட்டி உற்பத்தியில் அமெரிக்காவைத் தாண்டியது.

நம் மலை ரயிலுக்கும் விடிந்தது. திருச்சி பொன்மலைப் பணிமனை 2011-ஐ ஒட்டி எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் ரக எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. குன்னூருக்குப் பல்சக்கர ரயில் வந்தது 1899-இல். இடையில் போனது 112 ஆண்டுகள்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. நீலகிரியில் கொழுந்து அறுக்கும் மோட்டார் மெஷின்களில் ஜப்பானில் செய்தவை நிறைய. உங்கள் தோட்டத்து மெஷின் எந்த நாட்டுடையது, பிளேடு மழுங்கினால் எங்கே தீட்டுகிறீர்கள், உதிரிபாகம் கோவைப் பட்டறையில் கிடைக்கிறதா, கப்பலில் வர வேண்டியிருக்கிறதா? மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.