டெக்ஸ்ட் எடிட்டருக்குள் இருந்தே வெளிக் கட்டளைகளை ஓட்டுவதால் தமிழில் எழுதுபவருக்கு என்ன லாபம்?

எனக்குக் கிடைத்த லாபம், ஒரு வாத்தியாரிடம் திட்டு வாங்குவது நின்றது.

பினாங்கில் தைப்பூசத்தின்போது நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை அகரவரிசையில் அச்சடித்துப் பந்தலில் ஒட்டுவது என் பொறுப்பு. முதல் வருடம் விம் எடிட்டரில் பெயர்களைத் தட்டிவிட்டு, அதிலேயே இருக்கும் :சார்ட் கட்டளையைக் கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஒட்டிவிட்டு ஒரு தே தாரிக் டீயோடு உட்கார்ந்தால், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பட்டியலைப் படிக்கிறார். “தம்பி, முருகனுக்கு முன்னால முனியம்மா எப்படி வந்தாங்க? கணபதி கண்ணனுக்கு முன்னால நிக்கிறாரு. உங்க கம்ப்யூட்டர் எந்தப் பள்ளியில படிச்சது?”

அவர் கேட்டது சரிதான். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துவைத்திருக்கும் யூனிகோடு தரத்தின் தமிழ்ப் பகுதி இந்தியாவின் 1988 இஸ்கி தரத்தை ஒட்டி, தேவநாகரியின் அடுக்கில் அமைந்தது. அதனால் அங்கே ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, அதற்கும் பிறகுதான் வ. நம் வரிசையில் ‘ய ர ல வ ழ ள ற ன’ என்று ன கடைசியில் அல்லவா வரும்? இன்னொரு கோளாறு புள்ளி. நமக்கு ண் முதலில், ண பிறகு. யூனிகோடில் புள்ளி ஒரு தனிக் குறி, அதன் எண்ணும் பெரியது. ஆகவே மெய்யெழுத்து தன் உயிர்மெய்க் குடும்பம் முழுவதும் போன பிறகு, வால் போல் வருகிறது. விம்மின் சார்ட் இந்த எண்களைப் பார்த்துத்தான் அடுக்குகிறது. அதற்குத் தமிழ் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. எடிட்டருக்குத் தெரியாத வேலையைத் தெரிந்த ஒரு நிரலிடம் அனுப்பி, விடையை அதே இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பில் ஜாய் 1976-ல் எழுதத் தொடங்கிய, விம்முக்கு முன்னோடியான வீஐ எடிட்டர் காலத்துப் பழக்கம் இது. நான் இருபது வரியில் ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். வரும் வரிகளை வாங்கி, ஒவ்வொரு எழுத்துக்கும் நம் அகரவரிசைப்படி ஓர் எண் கொடுத்து, அடுக்கி, வெளியே தள்ளும். (கொ-வைச் சிலர் ஒற்றைக் குறியாகவும் சிலர் ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டியிருப்பார்கள். முதலில் எல்லாவற்றையும் ஒற்றைக் குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றாவிட்டால் கொளந்தாயி இரண்டு இடத்தில் பிரிந்து நிற்பார்.) விம்மில் :%! என்று தட்டி, தொடர்ந்து பைத்தான்3, அடுத்து நிரலின் பெயர், எண்டர். முழுக் கோப்பும் நிரலுக்குள் போய் வரிசையாகத் திரும்பி வரும். சில வரிகள் மட்டும் போதுமென்றால் பெரிய வி விசையால் அவற்றைத் தேர்ந்தெடுத்து : தட்டுங்கள். வரம்பை விம்மே போட்டுக்கொள்ளும், நீங்கள் ! மட்டும் சேர்த்தால் போதும். கட்டளைப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்துகள்தான்.

இப்போது நான் சறுக்கிய இடங்கள்.

நிரலில் பிழை இருந்தால் உங்கள் பட்டியல் போய், அந்த இடத்தில் பிழைச் செய்தி வந்து உட்கார்ந்திருக்கும். முதல் தடவை எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதற வேண்டாம், யூ விசையை ஒரு தட்டு தட்டினால் பழையபடி ஆகிவிடும்.

கட்டளைக்குள் % குறி வந்தால் விம் அதைத் திறந்திருக்கும் கோப்பின் பெயராக மாற்றிவிடும். தேதி வடிவம் கொடுக்கும்போது இதில் மாட்டிக்கொண்டேன். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் அப்படியே விட்டுவிடும்.

:w ! என்று இடைவெளி விட்டு எழுதினால் உரை வெளிக் கட்டளைக்குப் போகும், கோப்பு மாறாது. இடைவெளியை விழுங்கிவிட்டால் அது ‘கட்டாயமாகச் சேமி’ என்றாகிவிடும். டபிள்யூசி என்ற பெயரில் எனக்கு ஒரு கோப்பே உருவாகிவிட்டது. டபிள்யூசி சொற்களை எண்ணும் கட்டளை, -டபிள்யூ போட்டால் சொற்கணக்கு சரியாகவே வரும். -எம் போட்டு எழுத்துகளை எண்ணச் சொல்லாதீர்கள். ‘தமிழ்’ ஐந்து எழுத்து என்று சாதிக்கும்.

நான் அதிகம் நன்றி சொல்வது :r ! கட்டளைக்கு. அது வெளிக் கட்டளை தரும் விடையைக் கர்சர் இருக்கும் வரிக்குக் கீழே கொண்டுவந்து போடும். யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி என்ற குறியேற்றத்தில் தட்டிய பழைய பட்டியல்கள் எங்களிடம் நிறைய இருந்தன. ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும், லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். டிஸ்கியிலிருந்து யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்துக்கு என்று சொல்லிக் கோப்பின் பெயரைக் கொடுத்தேன், பழைய நன்கொடையாளர்கள் நல்ல தமிழில் வந்து இறங்கினார்கள்.

தனக்கேற்ப மாற்றுவது என்று பார்த்தால் நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. விம்மின் அமைப்புகளை வைத்திருக்கும் விம்ஆர்சி கோப்பில் ஒரே வரி போட்டு, வரிசைக் கட்டளையை எஃப்5 விசைக்குக் கட்டியிருக்கிறேன். கடைசியில் எண்டருக்கான <சிஆர்> குறியை மறந்தால் கட்டளை திரையின் அடியில் வந்து சும்மா நிற்கும். வண்ணம், ஐகான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் ருசி இல்லை.

விம்தான் வேண்டும் என்றில்லை. விம் ஓடும் கட்டளைத் திரைகளான டெர்மினல்கள் பலவற்றில் தமிழ்க் கொம்பும் காலும் பிய்ந்துதான் தெரிகின்றன. அது கண்ணை உறுத்தினால் ஈமேக்ஸ் என்ற எடிட்டரைப் பாருங்கள். 27-ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைக் கோத்து வரையும் ஹார்ஃப்பஸ் நிரல் இருப்பதால் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்கின்றன. அங்கே கன்ட்ரோல்-யூ, பிறகு மெட்டா-| (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை). வேலை அதேதான்.

அடுத்த வருடம் வாத்தியார் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மோர் வாங்கிக்கொண்டு போனார். ஆனால் கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைத்ததால், ஜ-வில் பெயர் தொடங்கும் அக்கா ஒருவர் வந்து, “போன வருசம் நடுவுல இருந்தேனே, இப்ப ஏன்டா என்னை அடியில தள்ளிட்ட?” என்று கேட்டார்.