படைப்பு வீட்டை வாங்கிக் குடியிருக்கலாமா? செட்டிநாட்டு வீடு பற்றிய கேள்வி பதில்

கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடுவது) மட்டும் திறக்கிற வீடுகளை வாங்கி வருஷம் முழுக்கக் குடியிருக்க நினைப்பவர்கள் கேட்டவை.

மதுரை வாசகர்: கண்டனூரில் ஒரு வீடு. எட்டுப் பங்காளிகளில் ஐந்து பேர் விற்கத் தயார், மூவர் மலேசியாவில். ஐந்து பங்கை இப்போது வாங்கிக்கொள்ளலாமா அண்ணே?

வேண்டாம். பிரியாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கும் வெளியாளுக்கு, சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவின்படி, கூட்டாகக் குடியிருக்கும் உரிமை வராது. பாகம் கேட்டு வழக்குப் போட்டாலோ, 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவைக் காட்டி, மிச்சப் பங்காளி உங்கள் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். பணம் கொடுத்தும் சாவி கைக்கு வராது.

எட்டுப் பங்கும் ஒரே கிரயத்தில் வரட்டும். இறந்தவர் பங்குக்கு வாரிசுச் சான்று வாங்கும்போது மகள்கள் பெயர் விடுபடாமல் பாருங்கள். மலேசியாக்காரர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதலாம். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கொடுத்தவர் காலமானால் பவரும் செல்லாது, அதனால் கிரயத்துக்கு முன் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம்: பங்காளிகளுக்குள் எழுதி வைத்த பதியாத கூர்ச்சீட்டு (பாகம் பிரித்த பத்திரம்) அதில் தெரியாது. கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அவரே: வருஷம் ஒருமுறை படைப்புக்கு வந்துபோவோம் என்கிறார்களே?

வாய்வார்த்தையாக ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த அறை, எத்தனை நாள் என்று பத்திரத்தில் வரட்டும். இல்லாவிட்டால் சாமி அறையை அவர்களே முன்னதாக வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

தேவகோட்டை வாசகி: சுவர் உதிர்கிறது. சிமெண்ட் பூசலாமா?

கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் ஏறினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பத்தை பத்தையாக விழும். சுண்ணாம்பிலேயே ஒட்டுப் போடுங்கள். ஆனால் முதலில் கூரை ஓடுகளைப் பாருங்கள். முற்றத்தைச் சுற்றி இரண்டு சரிவு கூடும் நான்கு மூலைகளில்தான் பெரும்பாலும் ஒழுகும். பூட்டிக் கிடந்த வீட்டில் அதைக் கவனிக்க ஆள் ஏது? உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் உள்ளே மக்கியிருக்கிறது, அல்லது கரையான். வாங்குமுன் ஒரு தடவை ஐப்பசி மழையில் வீட்டைப் பார்ப்பது நல்லது. ஓடு மாற்றுவதை ஆவணிக்குள் முடியுங்கள்.

திருச்சி வாசகர்: தண்ணீர், கழிப்பறை?

கிணற்றைச் சித்திரை, வைகாசியில் பாருங்கள்; மார்கழியில் எல்லாக் கிணறும் நிறைந்தே தெரியும். பத்து நாள் விருந்தாளிக்கு லாரித் தண்ணீர் போதும், குடியிருப்பவருக்குக் கட்டாது. கழிப்பறையைப் பின்கட்டில் வையுங்கள். குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோங்கள், சுண்ணாம்புச் சுவரைக் குடைய வேண்டாம். செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

அவரே: ஏசி?

வளவை (முற்றத்தைச் சுற்றிய பெரிய கூடத்தை) குளிர்விக்க முடியாது, உயரம் அப்படி. ஒரு சின்ன அறை போதும். பழைய வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள்.

காரைக்குடி வாசகர்: ஆத்தங்குடித் தரை மங்கிவிட்டது. ஆசிட் போடலாமா?

ஐயோ, வேண்டாம். அது சிமெண்ட் கல். ஆசிட் நிறத்தைத் தின்றுவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் துணியில் துளித் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள்.