ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் வந்தால் கூட்டணுமா, கழிக்கணுமா?

ஐயா, வணக்கம்.

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஊர் கண்ணமங்கலம் பக்கம். ‘ராணுவப்பேட்டை’ என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை எங்களுக்கு அருகில்தான். சாயங்காலம் பதினோரு பையன்களுக்கு அக்னிவீர் கிளார்க் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பு மைதானத்தில் ஓடிக் காட்டிய பிறகுதான் பரீட்சை. 2023-லிருந்து கம்ப்யூட்டர் பரீட்சை முதலில், அதில் தேறினால்தான் ஓட்டம். என் பையன்கள் நன்றாக ஓடுவார்கள். ஓடும் வாய்ப்புதான் வருவதில்லை. தினம் 30 இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம், இரண்டு மணி நேரம் கணக்கு என்று வைத்திருக்கிறேன். பலன் இல்லை. போன முறை தவறிய இருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒருவன் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான். என்ன செய்யலாம்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள ஹவில்தார் ஐயா,

ரொம்ப நாள் முன்பு ஒரு டுடோரியலில் இரண்டு வருடம் கணக்கு நடத்தியிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த வார்த்தைப் புத்தகத்தை மூடி வையுங்கள். அபாண்டன், அபேட், அப்ஹார் என்று தொடங்குமே, அதேதானே? என்னிடம் படித்த எல்லாப் பையன்களின் நோட்டிலும் ‘ஏ’ பக்கங்கள் கசங்கிக் கிழிந்திருக்கும், ‘சி’க்கு மேல் மடிப்புக்கூட விழுந்திருக்காது.

கிளார்க் தேர்வில் 50 கேள்வி, 60 நிமிடம், 200 மதிப்பெண். பாதிக் கேள்விகள் இங்கிலீஷ். கணக்கு பத்தே பத்து. நீங்கள் கணக்குக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கிறீர்கள். போகட்டும், அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். இங்கிலீஷ் தனி, கணக்கு தனி என்று பிரித்து வைத்திருப்பதுதான் எனக்கு இடிக்கிறது.

டுடோரியலில் நான் கொடுத்த ஒரு கணக்கு. ஒரு காரிசனில் 120 பேருக்கு 40 நாளுக்கு ப்ரொவிஷன்ஸ் இருக்கிறது. 10 நாள் கழித்து 30 பேர் கொண்ட ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் வந்து சேர்கிறது. மிச்சம் எத்தனை நாளுக்கு வரும்? கேள்வி இங்கிலீஷில் இருந்தது. பையன்கள் எல்லாரும் தமிழ் மீடியம். காரிசன் என்றால் படை தங்கியிருக்கும் இடம் என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. தினமும் ப்ரொவிஷன் ஸ்டோர் போர்டுக்குக் கீழே நின்று பஸ் ஏறுகிறவர்கள், அந்த வார்த்தை இந்த வார்த்தைதான் என்று பிடிக்கவில்லை. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் வந்ததும் பாதிப் பேர் ஆளைக் குறைத்துவிட்டார்கள். 120 பேருக்கு 30 நாள் மிச்சம், அதாவது 3600. அதை 90-ஆல் வகுத்து 40 என்று எழுதினார்கள். 150-ஆல் வகுத்திருந்தால் 24. பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி, ஒரு வார்த்தையில் கவிழ்ந்தார்கள். நானோ அன்றைக்கு விகிதச் சூத்திரத்தை இன்னொரு முறை போர்டில் எழுதிப் போட்டேன். முட்டாள்தனம்.

இப்போதென்றால் ஆர்.சி.சி. என்ற மூன்றெழுத்தைத்தான் எழுதுவேன். ‘ஆர்’ என்பது ரீஇன்ஃபோர்ஸ்டு. வெறும் கான்கிரீட் தாங்காது, கம்பி கட்டிப் பலம் சேர்க்கிறோம். இருக்கிற படைக்கு ஆள் அனுப்பிப் பலம் சேர்ப்பதும் அதே வார்த்தை. இப்படிப் புரிந்தது மறக்காது.

இரண்டாம் உலகப் போரின்போது எழுதப் படிக்கத் தெரியாத ஏராளமான பேரை அமெரிக்க ராணுவம் சேர்த்துக்கொண்டது. அவர்களுக்கென்றே அடித்த வாசகப் புத்தகத்தின் நாயகன் ‘பிரைவேட் பீட்’ என்ற சிப்பாய். பீட் முகாமில் தூங்குகிறான், முகாமில் சாப்பிடுகிறான், இதுதான் பாடம். படிக்கிறவன் அன்றைக்குச் செய்த வேலையே எழுத்தில் வந்தது. இப்போதும் அங்கே நுழைவுத் தேர்வான அஸ்வாபில், சேரத் தகுதி உண்டா என்று பார்க்கும் கணக்கில் சொல்லறிவு, வாசிப்பு மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கித்தான் கணக்கு மதிப்பெண்ணோடு கூட்டுகிறார்கள். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தவர்களுக்கு 2022-இல் ஃபோர்ட் ஜாக்சன் என்ற ராணுவ முகாமில் ஒரு தயாரிப்பு வகுப்பே தொடங்கினார்கள். 90 நாள் வரை சொல்லிக்கொடுத்து மறுபடி எழுத வைக்கிறார்கள்.

உங்களிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய லீவ் சர்டிஃபிகேட், கேண்டீன் பில். ‘ரிலீவ்டு’, ‘எக்ஸ்டென்ஷன்’, ‘ஸாங்ஷன்டு’, ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ எல்லாம் அதில் கிடக்கும். நாளைக்குக் கிளார்க்காக உட்காரப்போகிறவனுக்கு இதைவிடப் பாடம் ஏது? தினம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஐந்து வார்த்தை போதும், ஒவ்வொன்றையும் வைத்துத் தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

கணக்குக்கு ஒரே விதி: பேனா கீழே. கேள்வியை வாசித்து, யார் வந்தார்கள், யார் போனார்கள், என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் வாயால் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு பேனா. முதலில் நேரம் பிடிக்கும், சலித்துக்கொள்வார்கள். விடாதீர்கள். வேகம் அப்புறம் வரும். கேள்விக்கு 72 விநாடிதான் என்பதால் சதவீதத்தை மட்டும் நாக்கு நுனியில் வைத்திருக்கட்டும். 12½ சதவீதம் என்றால் எட்டில் ஒன்று. 640-இல் 15 சதவீதமா? பத்து சதவீதம் 64, அதில் பாதி 32, ஆக 96. பேப்பரே வேண்டாம்.

நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து கேள்வியை விட்டுவிடுகிறார்களா என்றும் பாருங்கள். சரியென்றால் 4, தப்பென்றால் 1 போகும். நான்கு விடையில் ஒன்று நிச்சயம் இல்லை என்று தெரிந்தாலே மீதி மூன்றில் ஒன்றைத் தொடுவது லாபம். ஏன் லாபம் என்று அவர்களையே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் ஒரு பாடம்.

அப்புறம், வருவதை நிறுத்திய அந்த இரண்டு பேர். வகுப்புக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பாதீர்கள், கூச்சப்படுவார்கள். சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே போய்ப் பாருங்கள். அந்த காரிசன் கணக்கைக் கொண்டுபோய், ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்றால் என்னவென்று பையன்களுக்கு வந்து சொல்லித்தர முடியுமா என்று கேளுங்கள்.