தையில் கருகும் மாவிலை

கேள்வி: வேதாரண்யத்தை அடுத்த புஷ்பவனத்தில், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் எனக்கு மாந்தோப்பு இருக்கிறது. கஜா புயலில் கிழக்கு வேலிச் சவுக்குகள் சாய்ந்துவிட்டன. கார்த்திகையில் பசுமையாக நிற்கும் கிழக்கு வரிசை மரங்கள், தை பிறந்ததும் இலையோரம் கருகிப் பூவையும் உதிர்க்கின்றன. உரக்கடையில் சாம்பல் சத்துக் குறை என்று பொட்டாஷும் டானிக்கும் கொடுத்தார்கள், குணமில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: ஐயா, நீங்கள் மருந்தைக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கோ சவுக்கு சாய்ந்த செய்திதான் பெரிதாகப் படுகிறது. கிழக்கு வரிசையில் ஓர் இலையைப் பறித்து நாக்கில் வைத்துப் பாருங்கள். பிறகு மேற்கு வரிசை இலையையும் பாருங்கள். கிழக்கு இலை கரித்தால் காரணம் கடல் உப்புதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வரும் வாடைக்காற்றிலும் உப்பு உண்டு. ஆனால் உங்கள் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அப்போதே கொட்டி இலையைக் கழுவிவிடுகிறது. தையில் காற்று அதே கடல் பக்கத்திலிருந்துதான் வீசுகிறது, மழை மட்டும் நின்றுபோகிறது. பகலில் மணல் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் எழும் கடற்காற்றும் அதனுடன் சேர்ந்துகொள்ள, படிந்த உப்பு இரவுப் பனியில் கரைந்து இலைக்குள் இறங்குகிறது. ஆனி, ஆடியில் மேலைக்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தாமதப்படுத்தித் தணிப்பதால், அம்மாதத் துளிர்களுக்கு இந்தச் சேதம் குறைவு.

கடையில் பொட்டாஷ் என்று பொதுவாகக் கொடுக்கும் மூரியேட் ஆஃப் பொட்டாஷில் எடைக்கு ஏறத்தாழப் பாதி குளோரைடு, கடல் உப்பில் இருக்கும் அதே பொருள். உப்பைத் தாங்காத மாமரத்துக்கு, அதுவும் உப்புக்காற்று வீசும் மணலில், அதைக் கொடுத்தது பெருந்தவறு. கடற்கரை ஊரில் கடை நடத்துபவர், காற்றின் திசையைக்கூட விசாரிக்காமல் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பதை நான் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நாகப்பட்டினம் அருகே சிக்கல் என்ற ஊரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு மண்ணையும் நீரையும் பரிசோதியுங்கள். சாம்பல் சத்து தேவைப்பட்டால் குளோரைடு மிகக் குறைந்த சல்பேட் ஆஃப் பொட்டாஷ் இடுங்கள். டானிக்கை நிறுத்துங்கள். பூங்கொத்தில் வெண்பொடி தெரிந்தால் மட்டும் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். பூ விரியும் முன், காற்று பலமாக வீசிய மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

இவையெல்லாம் ஒரு பருவத்துக்கான சமாளிப்பு. காற்றுத் தடுப்பு வேலி இல்லாத கடலோரத் தோப்புக்கு எந்த உரமும் வீண் என்பதை நான் எங்கும் வற்புறுத்திச் சொல்லிவருகிறேன். மதில் கட்டிவிடாதீர்கள், தாண்டும் காற்று மறுபுறம் சுழன்று இறங்கி மரத்தை அலைக்கழிக்கும். பாதிக் காற்றைக் கடத்திப் பாதியைத் தடுக்கும் உயிர்வேலியே வேண்டும். அது தன் உயரத்தைப் போல் சுமார் 10 மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். 6 மீட்டர் சவுக்கு 60 மீட்டர் தோப்பைக் காக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சவுக்கை மட்டும் நம்பி கஜா அடித்த 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாம் இழந்தது போதும். கடல் பக்கம் பனை விதையும் தாழையும், அடுத்துப் புன்னையும் பூவரசும், உள்வரிசையில் சவுக்குமாக, ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நிற்கும்படி நடுங்கள். அந்தப் புயலில் தென்னைகள் சாய்ந்த இடங்களிலும் பனைகள் பெரும்பாலும் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன் குழி எடுத்துவிடுங்கள். கன்று தலை தூக்கும் வரை கிழக்கே கீற்று மறைப்புக் கட்டுங்கள். கோடையில் கன்றுக்காக ஆழ்துளைக் கிணறு இறக்காதீர்கள். உங்கள் மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது, ஆழத்தில் உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும். ஆழமில்லாத குட்டை வெட்டி, அந்தத் தண்ணீரையே குடத்தில் மொண்டு ஊற்றுங்கள்.