கேமராவில் ஜிபிஎஸ் மாட்டி எடுத்த படம் எல்லை வழக்கில் செல்லுமா?

கேள்வி: வக்கீல் ஐயா, நாங்குநேரி தாலுகாவில் விஜயநாராயணம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பனை விளை இருக்கிறது. பக்கத்து விளைக்காரர் போன மாதம் சர்வே கல்லைப் பிடுங்கி எங்கள் பக்கம் ஆறடி தள்ளி நட்டுவிட்டு, இடையில் நின்ற ஏழு பனையையும் வெட்டிவிட்டார். என் மைத்துனர் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவர். தன் நிக்கான் கேமராவின் தலையில் ஜிபி-1 என்ற ஜிபிஎஸ் கருவியை மாட்டிக்கொண்டு வந்து நாற்பது படம் எடுத்தார். எல்லாப் படத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகியிருக்கிறது. இதை வைத்தே எல்லையை நிரூபித்துவிடலாமா? எதிராளியோ, "நேவிக்காரன் இடத்துக்குப் பக்கத்தில் ஜிபிஎஸ் வைத்துப் படம் எடுத்தாய் என்று போலீசில் எழுதிக் கொடுப்பேன்" என்று மிரட்டுகிறார்.

பதில்: அண்ணாச்சி, மிரட்டலை முதலில் பார்ப்போம். விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருப்பது ஊரறிந்த விஷயம். அதன் வேலியோரம் போய் நின்று படம் எடுத்தால் வம்புதான். ஆனால் 1923ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கேட்பது, நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு செய்யும் நோக்கம் இருந்ததா என்பதை. சொந்த விளையில் நின்று வெட்டுப்பட்ட பனையைப் படம் பிடித்ததில் அந்த நோக்கம் எங்கிருந்து வரும்? ஜிபிஎஸ் வைத்திருப்பதே குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சாட்டிலைட் போனோடு போட்டுக் குழப்பிக்கொள்வது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாதது சாட்டிலைட் போன். ஜிபிஎஸ் மிரட்டுகிறவர் சட்டைப்பையில் உள்ள போனிலும்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: நாற்பது படத்தில் எதிலாவது தூரத்தில் தளத்தின் டவர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம், ஃபேஸ்புக்கில் போடவே வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். என்னிடம் காட்டுங்கள், போதும்.

இனி உங்கள் நிஜமான கேள்வி. எல்லையை இந்தப் படங்கள் நிரூபிக்காது. நூறு நாள் வேலையில் ஜியோ டேக் போட்டோ எடுப்பதைப் பார்த்துப் பார்த்து, எண் விழுந்துவிட்டால் கோர்ட் வாயடைத்துப்போகும் என்ற எண்ணம் நம் ஊரில் பரவிவிட்டது. அந்தக் கருவி பதிவு செய்வது கேமரா நின்ற இடத்தை, படத்தில் தெரிகிற பொருளின் இடத்தை அல்ல. உங்கள் மைத்துனர் வடக்கே இருபது மீட்டர் தள்ளி நின்று ஜூம் போட்டுக் கல்லை எடுத்திருந்தால், எண் அந்த இருபது மீட்டர் தள்ளிய இடத்துக்கு உரியது. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே இதுதான் வரும்: "எங்கே நின்று எடுத்தீர்கள்?"

அடுத்தது அளவு. திறந்த வெளியில் எல்லாம் சரியாக அமைந்தாலும் இந்த மாதிரிக் கருவி மூன்று, ஐந்து மீட்டர் பிசகும். அடிக்கணக்கில் பத்து முதல் பதினாறு அடி. உங்கள் தகராறோ ஆறடிக்கு! பிசகைவிடச் சின்ன இடத்தை அந்தப் பிசகை வைத்து எப்படி அளப்பது? எண்ணில் புள்ளிக்குப் பிறகு நிறைய இலக்கம் வருகிறதே என்று கேட்பீர்கள். தராசு முள் ஆடுகிறபோது மில்லிகிராம் வரை எழுதி என்ன பிரயோசனம்? இன்னொன்றும் இருக்கிறது: அந்தக் கருவியின் சின்ன விளக்கு சிவப்பில் மின்னினால் இடம் பதிவாகவில்லை, பச்சை மின்னினால் மூன்று சாட்டிலைட், பச்சை நிலையாக எரிந்தால் நான்கோ அதற்கு மேலோ. அன்றைக்கு எது எரிந்தது என்று மைத்துனரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கு மாப்பிள்ளை முகம்தான் ஞாபகம் இருக்கும்.

அப்படியானால் படம் வீணா? இல்லை. வெட்டு நடந்தது, கல் இடம் மாறியிருக்கிறது, அது இந்தத் தேதியில் இப்படி இருந்தது என்பதைக் காட்ட நல்ல சாட்சி. தேதி விஷயத்தில் ஜிபிஎஸ் பெரிய உதவி, ஏனென்றால் கேமராக் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம், சாட்டிலைட் நேரம் தனியாகப் பதிவாகிறது. ஆனால் அது சர்வதேச நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். எனக்கு இது ஒரு வழக்கில் நன்றாகவே பாடம் ஆனது. காலை ஏழு இருபதுக்கு எடுத்த படம், பிரிண்டில் ஜிபிஎஸ் நேரம் 01:50 என்று வந்திருக்கிறது, நான் கவனிக்காமல் தாக்கல் செய்துவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "நடுராத்திரி ஒன்று ஐம்பதுக்கு உங்கள் ஊரில் வெயில் அடிக்குமோ?" என்று என் சாட்சியைக் கேட்டார். கோர்ட்டே சிரித்தது. சாட்சி என்னைப் பார்க்க, நான் ஃபைலைப் பார்த்தேன். அப்புறம் விளக்கிச் சரிசெய்துவிட்டோம், ஆனாலும் அந்தச் சிரிப்பு பதிவாகிவிட்டது.

இப்போது முக்கியமான சடங்கு. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது. மின்னணுச் சாட்சியம் பற்றிய பழைய 65பி பிரிவு இப்போது 63ஆம் பிரிவு. அதன் 4ஆம் உட்பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் சேர்ந்தே வர வேண்டும். அதில் இரண்டு பாகம்: கருவியைக் கையில் வைத்திருந்தவர், அதாவது உங்கள் மைத்துனர், கையெழுத்து போடுவது ஒன்று, நிபுணர் போடுவது ஒன்று. கூடவே ஃபைலின் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். ஹாஷ் என்றால் ஃபைலுக்குக் கைரேகை மாதிரி, ஒரு புள்ளி மாறினாலும் வேறு எண் வந்துவிடும். ஆகவே படத்தை வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, திருப்பி சேவ் செய்வது எதுவும் மூலஃபைலில் கூடாது.

சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன? 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, மூலக்கருவியை உரியவரே கொண்டுவந்து கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை, நகல் என்றால் கட்டாயம் தேவை என்று. அந்தத் தீர்ப்பு பழைய 65பி மீது வந்தது, அதனால் நான் இரண்டையும் கையில் வைத்துக்கொள்வேன். அதற்காகத்தான் சொல்கிறேன், அந்த மெமரி கார்டை இன்றே கழற்றி, உறையில் போட்டு, மேலே தேதி எழுதி ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். மைத்துனர் கல்யாணப் போட்டோகிராபர் அல்லவா, முகூர்த்த மாதம் வந்தால் கார்டை ஃபார்மட் அடித்துவிடுவார். புதுக் கார்டுக்குக் காசு நீங்கள் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இட விவரம் உதிர்ந்துபோகும், எனக்கு அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

எல்லையை நிரூபிக்கிற வழி வேறு. எல்லையை அளந்து காட்டக் கேட்கிற எஃப்-லைன் மனு போட்டு அளக்கச் சொல்லுங்கள். சர்வேயர் புல வரைபடத்தை வைத்து அளப்பார், பக்கத்துக்காரருக்கும் நோட்டீஸ் போகும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்சீப் கோர்ட்டில், இடம் உங்களுடையது என்று அறிவிக்கும் விளம்புகைப் பரிகாரமும் அவர் உள்ளே வராமல் தடுக்கும் உறுத்துக்கட்டளையும் கேட்டு வழக்கு, கூடவே சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 26 ரூல் 9இல், இடத்தை நேரில் பார்க்க கோர்ட் நியமிக்கிற வக்கீலான அட்வகேட் கமிஷனர் கேட்டு மனு. கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து, கல் நின்ற குழி, வெட்டிய பனையின் மூடு, அதாவது மண்ணில் நிற்கிற அடிமரம், எல்லாவற்றையும் குறித்து அறிக்கை தருவார். உங்கள் நாற்பது படமும் அந்த அறிக்கைக்குத் துணையாக நின்றால் அதற்குத் தனி மதிப்பு.

கல்லைப் பிடுங்கியது தனிக்குற்றம். அரசு ஊழியர் நட்ட எல்லைக்கல்லை நகர்த்துவதற்கு பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. பனை விஷயத்தையும் புகாரில் எழுதுங்கள். ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்தது, அனுமதி வாங்கினாரா என்று அவரிடமே கேட்கட்டும்.

இதில் எதைத் தள்ளிப்போட்டாலும் கமிஷனர் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். ஏழு மூடும் இன்னும் மண்ணில் இருக்கிறதா? ஜேசிபி ஒரு மணி நேரம் ஓடினால் குழியும் இருக்காது, மூடும் இருக்காது. மூலப்பத்திரம், பட்டா, கார்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு, மைத்துனரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே வாருங்கள்.